கான்கிரீட்டா, மண் கரையா: கீழ்பவானி வாய்க்காலின் முன்னுள்ள வழிகள்

கொங்கு நாட்டில் நிலத்துக்கு மூன்று பெயர்கள் உண்டு. மழையை நம்பியிருப்பது காடு, கிணற்றை நம்பியிருப்பது தோட்டம், வாய்க்காலை நம்பியிருப்பது வயல். கீழ்பவானி வாய்க்கால் வந்தபோது மதகுகளுக்குக் கீழே இருந்த மேட்டாங்காடுகள் வயலாயின. அதற்கும் அப்பால், ஆயக்கட்டில் (அரசுக் கணக்கில் பாசன உரிமை பெற்ற நிலத்தில்) சேராத காடுகளில் வாய்க்காலின் கசிவால் கிணறுகள் ஊறி, அவை தோட்டமாயின. முதல் மாற்றத்தைச் சர்வே எண்ணோடும் தீர்வையோடும் அரசுப் பதிவேட்டில் காணலாம். இரண்டாவது மாற்றத்துக்குக் கிணற்றைத் தவிர வேறு சாட்சி இல்லை. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று இத்தனை ஆண்டுகளாக நடக்கும் வழக்குகளுக்கும் உண்ணாவிரதங்களுக்கும் அடியில் கிடப்பது இந்தப் பதிவில்லாத பாதிதான்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தந்தை வழி நிலம் முத்தூருக்கு அப்பால், வாய்க்காலின் கடைசியில் தண்ணீர் சேரும் கடைமடையை ஒட்டி இருக்கிறது. தாய்மாமன் தோட்டம் நசியனூர்ப் பக்கம், வாய்க்காலுக்குக் கீழே, ஆயக்கட்டுக்கு வெளியே இருக்கிறது. ஆகவே குடும்பத்துக் கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை முழுவதும் கான்கிரீட் வேண்டும் என்கிறது, எதிர் வரிசை வேண்டாம் என்கிறது. நடுவில் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டு நிற்கிறவனுக்கு இரண்டு பக்கத்து நியாயமும் காதில் விழாமல் போகாது.

வழிகளை ஒப்பிடும் முன் வாய்க்காலின் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். பவானியும் மோயாறும் கூடுமிடத்தில் 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையின் கொள்ளளவு 32.8 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). அங்கிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. பழக்கத்தில் அதை இன்றும் மைலில்தான் சொல்கிறோம், 124 மைல். எல்லா நிலத்துக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கிடையாது. பிரதான வாய்க்காலின் ஒற்றைப்படை மதகுகளையும் சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலின் இரட்டைப்படை மதகுகளையும் ஒரு பாதியாகவும், மற்றவற்றை மறு பாதியாகவும் பிரித்து, பாதிக்கு 1,03,500 ஏக்கர் என வைத்திருக்கிறார்கள். ஒரு பாதிக்கு ஆகஸ்ட் 15 முதல் நெல்லுக்கான நஞ்சைத் தண்ணீர். மறு பாதிக்கு சனவரி முதல் கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிருக்கான தண்ணீர். அடுத்த ஆண்டு பாதிகள் மாறிக்கொள்ளும். நஞ்சைக்கு விநாடிக்கு 2,300 கன அடி வீதம் 120 நாள் விட்டால் ஏறத்தாழ 24 டிஎம்சி ஆகிறது. புஞ்சைக்குச் சுமார் 12 டிஎம்சி. ஆக, அணை ஒருமுறை நிறைந்தால் மட்டும் போதாது. பருவமழை இடையில் கைகொடுக்க வேண்டும்.

இதே பவானி நீருக்கு மூத்த உரிமைக்காரர்களும் இருக்கிறார்கள். கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்கு 24,504 ஏக்கர். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த காலிங்கராயன் வாய்க்காலுக்கு 15,743 ஏக்கர். குடிநீருக்காக நகரங்களும் ஆற்றில் கை வைத்திருக்கின்றன. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி நீர் 1.5 டிஎம்சி எடுத்து 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு மண் வாய்க்கால் வழியில் தண்ணீரைக் குடித்துவிடுகிறது என்றால் எல்லார் கண்ணும் அதன்மேல் விழுவது இயல்பு. 2021 பிப்ரவரி 25 அன்று கோவையில் பிரதமர் அடிக்கல் நாட்டிய கீழ்பவானி நவீனமயமாக்கல் திட்டம் 934 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. அதில் கான்கிரீட் தளத்தோடு 824 மதகுகள், 176 வடிகால்கள், 32 பாலங்கள் ஆகியவற்றின் சீரமைப்பும் அடக்கம். சண்டை முழுவதும் தளத்தைப் பற்றியே நடந்ததில் இந்த மற்ற வேலைகள் பேச்சிலிருந்தே மறைந்துபோயின.

முதல் வழி, வாய்க்கால் முழுவதற்கும் கான்கிரீட் போடுவது. கடைமடைக்காரன் மகனாக அதன் கவர்ச்சி எனக்கு நன்றாகப் புரியும். ஒரு புஞ்சை முறையில், தண்ணீர் திறந்து பதினோராம் நாள் இரவு சித்தப்பாவோடு மதகடியில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் அளவுகோல் கல்லின் அடியில் ஈரம்கூட இல்லை. கடலைச் செடி பகலில் இலையைக் கூப்பத் தொடங்கியிருந்தது. இரண்டு மணிக்குமேல் வாய்க்காலின் தரையில் நுரையும் சருகுமாக ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் ஊர்ந்து வந்தது. ஊர்ந்து என்றுதான் சொல்ல வேண்டும். தரையில் இருந்த ஒவ்வொரு எலி வளையிலும் நண்டு வளையிலும் நின்று, இறங்கி, நிரப்பிய பிறகே நகர்ந்தது. அந்த இரவில் யாராவது கான்கிரீட்டுக்குக் கையெழுத்துக் கேட்டிருந்தால் நானே முதலில் போட்டிருப்பேன்.

தளம் போட்ட வாய்க்காலில் தண்ணீர் விரைவாக ஓடும், கரை உடைப்பு குறையும், தூர் வாரும் செலவு குறையும், இவற்றை மறுப்பதற்கில்லை. கரை எந்த ஊரில் உடைந்தாலும் தலைமதகை அடைத்து, கரையைக் கட்டி, மறுபடி 124 மைலையும் நிரப்பி வருவதற்குள் ஒரு நனைப்பே தப்பிவிடும் என்பதால், மேலே நடக்கும் உடைப்பின் முழு விலையையும் கொடுப்பவன் கடைமடைக்காரன்தான். ஆனால் தளம் போட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடும் என்ற முடிவுக்கு நேரே தாவிவிட முடியாது. அதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உரைகல் இருக்கிறது. தமிழகத்தில் நான்கு மண்டலங்களாகப் பிரித்து 3.77 லட்சம் ஏக்கருக்குப் பாயும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் பெரிய வாய்க்கால்கள் தளம் போட்டவை. அதன் காங்கயம்–வெள்ளகோவில் கிளையின் கடைமடை விவசாயிகள் தங்கள் பங்குத் தண்ணீர் வருவதில்லை என்று உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்ன முதல் காரணம் கசிவு அன்று, வழியில் நடக்கும் திருட்டு. கான்கிரீட்டால் மண்ணின் வாயை அடைக்க முடிந்தது. கரையோரத்துக் குழாயின் வாயை அடைக்க முடியவில்லை.

தளத்தின் ஆயுளும் இந்த மண்ணில் எளிதான கேள்வி அன்று. நம் பகுதி கடும்பாறை நிலம். மேலே சில அடி மண், அதன் கீழ் சுக்கான்கல், பிறகு பாறை. ஐப்பசி மழையில் மேலேறிய நிலத்தடி நீர் இறங்கும் முன்பே, முறை முடிந்து வாய்க்கால் காலியானால், வெளியிலிருந்து நீர் தளத்தைப் பின்புறமாக அழுத்தும். அந்த அழுத்தம் வெளியேறத் துளைகள் விட்டாக வேண்டும். விடாவிட்டால் பலகை பலகையாகத் தளம் பெயரும். பெயர்ந்த கான்கிரீட்டைச் சரிசெய்ய அரசாணையும் ஒப்பந்தமும் வேண்டும். மண் கரை சரிந்தால் ஊரே மண்வெட்டியோடு இறங்கிவிடலாம். இன்னொன்று, யாரும் திட்ட அறிக்கையில் எழுதாதது: சரிவான கான்கிரீட்டில் தண்ணீர் குடிக்க இறங்கிய மாடும் சரி, தவறி விழுந்த பிள்ளையும் சரி, ஏறி வருவது கடினம்.

இரண்டாவது வழி, வாய்க்காலை மண் வாய்க்காலாகவே வைத்து, கரையைப் பலப்படுத்தி, மதகுகளையும் வடிகால்களையும் மட்டும் புதுப்பிப்பது. மாமாவின் கட்சி இது. அவருடைய கிணறு வாய்க்காலிலிருந்து நான்கு காடு தள்ளி இருக்கிறது. கிணற்றுக்குள் இறங்கும் கற்படிகளில் ஒவ்வோராண்டும் தண்ணீர் திறந்த நாளில் இருந்த மட்டத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டுவைப்பது அவர் வழக்கம். பழைய கோடுகளின்மேல் பாசி படர்ந்திருக்கும். மூன்று நான்கு நாளில் கீழ்ப்பக்கத்துப் பாறை வெடிப்பிலிருந்து ஊத்து சொட்டத் தொடங்கும். பதினைந்து நாளில் கோடு மூழ்கும். அந்தத் தண்ணீரில்தான் அவர் மஞ்சள் நிற்கிறது. “நீங்க கான்கிரீட் போடுங்க மாப்பிள்ளை, போட்டப்புறம் நான் பம்புசெட்டக் கழட்டி வித்துப்போட்டு நாலு ஆட்டுக்குட்டி வாங்கிக் கட்டிக்கிறேன்” என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சிரிப்பு கண்ணுக்குப் போகாது.

அவர் ஒருவர் கிணற்றோடு இது நிற்பதில்லை. வாய்க்காலுக்குக் கீழே உள்ள ஊர்களின் குடிநீர்க் கிணறுகள், குட்டைகள், ஓடைகள் எல்லாம் இந்தக் கசிவில்தான் உயிரோடு இருக்கின்றன. சில ஓடைகளில் தடுப்பணை கட்டிக் கசிவுநீரைப் பாசனத்துக்குத் திருப்பியும் இருக்கிறார்கள். 2022-இல் ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தின் ஏரியும் இந்த வாய்க்காலின் அண்டையில்தான் இருக்கிறது. நிலமே இல்லாத கூலிக்காரக் குடும்பத்துக்கு ஆயக்கட்டில் பங்கு ஏது? ஆனால் ஊர்க் கிணற்றில் ஊறும் தண்ணீரில் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு குடம் உண்டு. எண்ணிக்கையாகப் பார்த்தால் கசிவின் பயனாளிகள்தான் பரவலானவர்கள். அவர்களிடம் இல்லாதது ஒரு ரசீது.

இந்த வழியின் குறையையும் மூடி மறைக்கக் கூடாது. “மண் கரையே போதும்” என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் கடைமடையில் இல்லை. மண் கரை பராமரிப்பைக் கேட்கும். ஆண்டுதோறும் வளை அடைக்க வேண்டும், கரையில் முளைக்கும் மரங்களைக் கவனிக்க வேண்டும், வண்டல் அள்ள வேண்டும். முன்பு மைல் கணக்கில் கரையை நடந்து பார்த்த லஸ்கர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். கரையைப் பார்க்க ஆளில்லாமல் மண் வாய்க்காலை ஆதரிப்பது, உடைப்பை ஆதரிப்பதற்கு அதிக தூரமில்லை. மாமாவிடம் இதைச் சொன்னால் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்.

மூன்றாவது வழி, இடம் பார்த்துப் போடுவது. கீழ்பவானி சமமட்டத்தை ஒட்டி வளைந்து வளைந்து போகும் வாய்க்கால். சில இடங்களில் அது பூமியை வெட்டிப் போகிறது. அங்கே கரை என்பதே இயற்கைத் தரைதான், உடைவதற்கு எதுவுமில்லை. வேறு இடங்களில் பள்ளத்தைக் கடக்க இருபுறமும் மண் கொட்டி மேட்டுக்கரை எழுப்பியிருக்கிறார்கள். உடைப்பும் மிகுந்த கசிவும் நேர்வது அங்கேதான். மேட்டுக்கரை, பாலத்தடி, ஓடையைக் கடக்கும் கட்டுமானங்களின் முன்னும் பின்னும் மட்டும் கான்கிரீட். வெட்டுப்பகுதிகளில் மண் அப்படியே என்று வைத்தால், உடைப்பின் அபாயத்தில் பெரும்பகுதி நீங்கும், வெட்டுப்பகுதிகளின் கசிவு அப்படியே தொடரும். இதுவும் யாரையும் நோகவைக்காத வழி அன்று. மேட்டுக்கரைக்கு நேர் கீழே இருக்கும் ஓடையும் அதன் கரைத் தோட்டங்களும் காயும். அவர்களுக்கு அந்த ஓடைக்கென ஒரு சிறு மதகில் அளந்து தண்ணீர் விட்டாக வேண்டும். கசிவாக, கணக்கில்லாமல் போனது மதகின் வழியாகக் கணக்கோடு போகும். எனக்கு இந்த வழியில் பிடித்ததே இந்தக் கணக்குதான், ஏனெனில் அப்போதுதான் கசிவுக்காரனுக்கு முதன்முறையாக ஒரு காகிதம் கிடைக்கும்.

சொட்டுநீர், பயிர் மாற்றம், மதகிலிருந்து குழாய் என்று நாலாவதாகவும் ஒரு வழி பேசப்படுகிறது. தனித்தனித் தோட்டத்துக்கு அவை நல்லவை. ஆனால் முறைத் தண்ணீர் வரும் வாய்க்காலில் சொட்டுநீருக்கு ஒவ்வொருவரும் குட்டை வெட்டித் தேக்கிவைக்க வேண்டும். இரண்டு ஏக்கர்க்காரன் அதில் அரை ஏக்கரைக் குட்டைக்குக் கொடுக்க மாட்டான். மதகிலிருந்து வயல்களுக்குப் பிரியும் கொப்பு வாய்க்கால்களுக்குத் தளம் போடுவது மட்டும் தனியாகக் கவனிக்கத் தக்கது. மதகுக்குள்ளேயும் ஒரு கடைமடை உண்டு. அந்த மதகின் கடைசி வயலுக்குத் தண்ணீர் சீக்கிரம் சேரும் என்பதால் அதற்கு இரு தரப்பிலும் எதிர்ப்பு குறைவு.

எந்த வழியை எடுத்தாலும் இரண்டு கேள்விகளைத் தள்ளிவைக்க முடியாது. முதலாவது, “இழப்பு” என்று சொல்லப்படும் அளவு என்ன என்பது. தலைமதகில் விட்டதிலிருந்து மதகுகளில் சேர்ந்ததைக் கழித்து, மிச்சத்தை இழப்பு என்று எழுதினால், அந்த ஒரே எண்ணுக்குள் கசிவு, ஆவி, திருட்டு மூன்றும் ஒளிந்துகொள்கின்றன. வாய்க்காலை ஒட்டிக் கிணறு வெட்டி, அதிலிருந்து மைல் கணக்கில் குழாய் பதித்து மேட்டுக்குக் கொண்டுபோகும் தண்ணீரும் காகிதத்தில் “கசிவு” என்றே பெயர் பெறுகிறது. பிரித்துப் பார்ப்பது பெரிய வித்தையும் அன்று. முறை முடியும் ஏப்ரலில், ஒரு துண்டு வாய்க்காலை இருபுறமும் அடைத்து, மதகுகளையும் மின் இணைப்புகளையும் ஓர் இரவு நிறுத்தி, மட்டம் எத்தனை விரல் இறங்குகிறது என்று பார்த்தால் மண் குடிப்பது எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஓடும் காலத்தில் காணாமல் போவதிலிருந்து அதையும் ஆவியையும் கழித்தால் மிஞ்சுவது மனிதர்கள் குடிப்பது. பல நூறு கோடிச் செலவுக்கு முன் சில இரவுகளின் செலவு.

இங்கே மேல்கரைக்காரர்களைப் பற்றியும் ஒரு சொல். குழாய்த் திருட்டு என்று சுலபமாகப் பழிக்கிறோம். ஆனால் வாய்க்கால் வெட்டியபோது அவர்கள் காட்டையும் பிளந்துகொண்டுதான் போனது. தண்ணீர் மட்டும் கீழ்ப்பக்கத்துக்கு. தன் வாசலில் ஓடும் தண்ணீரை எழுபது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருப்பவனின் மனக்குறைக்கு நியாயம் உண்டு. கோழிப்பண்ணைக்கும் லாரிக்கும் விற்கிறவனையும் தென்னைக்கு இரண்டு மணி நேரம் எடுக்கிறவனையும் ஒரே தராசில் நிறுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்காக கடைமடையின் பங்கில் கைவைக்க அவர்களுக்கு உரிமை வந்துவிடாது.

இரண்டாவது கேள்வி, மிச்சப்படும் தண்ணீர் யாருக்கு என்பது. முழுக் கான்கிரீட்டை ஆதரிக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் அது கடைமடைக்கு வரும் என்று நம்புகிறார்கள். எந்த ஆவணத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. அணையிலேயே மிச்சமாக நிற்கும் தண்ணீருக்கு ஆலையும் நகரமும் முதலில் கை நீட்டும்; ஓட்டும் பணமும் அவற்றின் பக்கம். மேலும், கசிந்த நீர் முழுவதும் வீணும் அன்று. கிணற்றில் ஏறியது போக மீதி ஓடைகள் வழியாக நொய்யலுக்கும் காவிரிக்கும் வடிகிறது. அங்கும் அதை எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் வாய்க்காலில் மிச்சம் என்று எழுதுவது கீழே இன்னொருவர் கணக்கில் குறைவு என்று விழலாம்.

என் முடிவு மூன்றாவது வழிக்கே சாய்கிறது, ஆனால் வரிசையோடு. முதலில் 824 மதகுகளும் வடிகால்களும். அவற்றுக்கு எதிர்ப்பே இல்லாத நிலையில் தளத்தின் சண்டைக்குள் அவற்றையும் இழுத்து முடக்கிவைத்தது பெரிய தவறு. கூடவே அளவுகோல்களைச் சரிசெய்து, ஒவ்வொரு பகுதியின் தினசரி மட்டத்தையும் ஊர்ப் பலகையில் எழுதிவைப்பது. பாசன மேலாண்மையில் விவசாயிகளுக்கு இடம் தரும் தமிழ்நாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதன்படி அமையும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களில் கசிவுக் கிணற்றுக்காரர்களுக்கும் ஓர் இருக்கை கொடுத்தால் அந்தப் பலகையைப் படிக்க இரண்டு பக்கத்துக் கண்களும் இருக்கும். அதன் பிறகு, அளந்து தெரிந்த மேட்டுக்கரைகளில் கான்கிரீட்.

இதற்கு நாள் கணக்கு ஒன்று தடையாக நிற்கிறது. புஞ்சைத் தண்ணீர் ஏப்ரல் இறுதிவாக்கில் நின்றால், ஆகஸ்ட் 15-க்குள் வாய்க்கால் மறுபடி தயாராக வேண்டும். கையில் இருப்பது மூன்றரை மாதம், அதிலும் கோடை மழை சில நாட்களைத் தின்றுவிடும். 124 மைலுக்கும் கான்கிரீட் என்று தொடங்குகிறவர்கள் பல கோடைகளுக்கு வேலையை இழுத்துக்கொண்டு போக வேண்டும், அல்லது ஒரு முறைத் தண்ணீரையே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அந்த ஆண்டு பாதி ஆயக்கட்டுக்கு விளைச்சல் இல்லை. பொறுக்கி எடுத்த மேட்டுக்கரைகள் என்றால் ஒவ்வொரு கோடையிலும் இத்தனை இடம் என்று எண்ணி முடிக்கலாம். எந்த இடத்தில் தொடங்குவது என்று கேட்டால், கடைமடையில் அன்று, கடைமடையை அதிகம் பட்டினி போட்ட பழைய உடைப்புகளில் என்பேன். சித்தப்பாவிடம் அந்தப் பட்டியல் இருக்கிறது. எந்த ஆண்டு, எந்த மைல், எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று பழைய காலண்டர்களின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். மாமாவின் கிணற்றுப் படிக்கோடுகளை அந்தத் தேதிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறேன். தை மாதத்தில் அடுத்த கல்யாணம் வருகிறது. அப்போது காலண்டர்களைக் கொண்டுவரச் சித்தப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார்.